கரண்ட் சைக்கிளில் ஒன்றரை வருடம்: எதில் போட்ட காசு உருப்பட்டது

1994இல் தர்மபுரியில் டைப்ரைட்டிங் கிளாஸுக்கு மிதித்துப் போன பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர்.தான் என் கடைசி சைக்கிள். கல்யாணமாகி பெங்களூர் வந்த பிறகு பஸ், ஸ்கூட்டி, மெட்ரோ என்று முப்பது வருடம் ஓடிவிட்டது. 48 வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. டாக்டர் நடக்கச் சொன்னார். அல்சூர் ஏரிப்பக்கம் இரண்டு வாரம் நடந்தேன், அலுத்துவிட்டது. மூன்றாவது வாரம், என்னைவிட வயதான ஒருவர் மூச்சு வாங்காமல் சைக்கிளில் மேடேறிப் போனார். பின்சக்கரத்தின் நடுவில் கறுப்பாக உருண்டையாக ஏதோ இருந்தது. அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போய்க் காத்திருந்து விசாரித்தேன். மோட்டாராம்; நாம் மிதிக்கும்போது கூடவே தள்ளிவிடுகிற பேட்டரி சைக்கிள். அடுத்த மாதம் 38,500 ரூபாய் கொடுத்து நானும் ஒன்று வாங்கிவிட்டேன். அம்மா அதற்கு வைத்த பெயர் கரண்ட் சைக்கிள். மர்ஃபி டவுனில் எங்கள் தெருவிலும் இப்போது அதுதான் பெயர்.

ஓடோமீட்டர் 4,300ஐத் தாண்டிவிட்டது. வண்டியின்மேல் இன்னும் 22,000 ரூபாய் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் இன்னும் 12,000 என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த விலையில் கிடைக்கிற பல வண்டிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகின்றன: பின்சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டார், 36 வோல்ட் 7.8 ஆம்பியர் ஹவர் பேட்டரி, ஏழு கியர், கேபிள் டிஸ்க் பிரேக், முன்னால் ஒரு ஷாக் அப்சார்பர். எடை 24 கிலோ. முதல் மாடியில் வீடு என்றால் இந்தக் கடைசி எண்ணை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மோட்டாரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெங்களூர் தட்டையான ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அல்சூரிலிருந்து டிரினிட்டி சர்க்கிளுக்கு ஒருமுறை மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மேட்டை நான் உட்கார்ந்தபடியே, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஏறுகிறேன். ஆபீஸ் மாரத்தஹள்ளியில். இந்திராநகர் நூறடி ரோடு, தொம்மலூர் மேம்பாலத்தடியில் இடது பக்கம் திரும்பினால் பழைய ஏர்போர்ட் ரோடு, பிறகு எச்.ஏ.எல். தாண்டி நேராக. போக 11 கிலோமீட்டர், வர 11. வாரத்துக்கு மூன்று நாள். காலையில் 40 நிமிடம். அதே தூரத்துக்குக் காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் கடையில் யாரும் சொல்லவில்லை. இந்த வண்டிகளில் பெடல் அருகே இருக்கிற சென்சார், பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கிறது. நீங்கள் அழுத்தி மிதிக்கிறீர்களா, சும்மா காலைச் சுழற்றுகிறீர்களா என்பது அதற்குத் தெரியாது. மிதிக்கிற அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் விலை கூடிய வண்டிகளில்தான் வருகிறது. என் வண்டியில் பெடல் அரைச் சுற்று சுற்றிய பிறகு மோட்டார் விழித்துக்கொள்ளும். நான் நிறுத்திய பிறகும் ஒரு நொடி தள்ளிவிட்டுத்தான் ஓயும். நெரிசலில் முன்னால் நிற்கும் ஆட்டோவுக்கும் நமக்கும் நடுவில் அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

இதற்காகத்தான் பிரேக் பிடியிலேயே ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். பிடியை லேசாக இழுத்தாலே மோட்டார் அணைந்துவிடும். கட்-ஆஃப் என்கிறார்கள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் கதையே இதில்தான் மாட்டியது.

கேபிள் பிரேக்கோடு மூன்று மாதம் ஓட்டினேன். ஒரு ஞாயிறு கப்பன் பார்க்கிலிருந்து திரும்பும்போது தூறல். டிரினிட்டியிலிருந்து அல்சூர் இறக்கத்தில் இரண்டு பிடிகளையும் முழுக்க இழுத்தும் வண்டி தன் பாட்டுக்கு இறங்கியது. வண்டி 24 கிலோ, நான் 68 கிலோ. காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினேன், செருப்பு போனது. கேபிள் நாளாக நாளாகத் தளர்கிறது, பேட் தேய்கிறது, இரண்டையும் வாரா வாரம் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை.

சரி, ஹைட்ராலிக் போட்டுவிடலாம் என்று இந்திராநகரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். ஷிமானோ எம்.டி.200 செட் 5,200, கூலி 600. கேபிளுக்குப் பதில் குழாயில் மினரல் ஆயில், இரண்டு பக்க பேடும் சேர்ந்து வந்து டிஸ்க்கைப் பிடிக்கும். ஒற்றை விரலால் இழுத்தால் போதும். கடை வாசலிலேயே ஓட்டிப் பார்த்தேன், சொர்க்கம்.

இரண்டாம் நாள் தொம்மலூரில் பி.எம்.டி.சி. பஸ் சட்டென்று நின்றது. நான் மிதிப்பதை நிறுத்திப் பிரேக் பிடித்தேன். பிரேக் பிடித்தது, ஆனால் பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல வண்டியும் முன்னால் போனது. பஸ்ஸின் பின் பம்பருக்கும் என் முன் டயருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கை நடுக்கம் அடங்க, ஓரமாக நின்று இளநீர் குடித்தேன்.

சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த ஒரு பழைய சைக்கிள் கடை உண்டு. பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஆம்பூர்க்காரர். பக்கத்தில் மருமகன் ஒயரிங் வேலை பார்க்கிறான். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பிடியை இழுத்தார்.

"பிரேக் புடிச்சாலும் மோட்டார் தள்ளினே இருக்குதே, யாரும்மா போட்டது இது?"

சொன்னேன். ஹேண்டில்பாருக்குக் கீழே இருந்த ஒயர்க் கட்டைப் பிரித்துக் காட்டினார். பழைய பிடியிலிருந்து வந்த கட்-ஆஃப் ஒயர்களை வெட்டி, டேப் சுற்றி, அழகாக உள்ளே திணித்து வைத்திருந்தார்கள். புதிய பிடிகள் சாதாரண சைக்கிளுக்கு வந்தவை, அவற்றில் சுவிட்ச் கிடையாது. ஒயர் அறுந்தாலும் வண்டி ஓடும், எந்த எச்சரிக்கையும் காட்டாது. மோட்டாருக்கு நாம் பிரேக் பிடிப்பது தெரியாது, அவ்வளவுதான்.

பாய் என்ன செய்தார் என்றால், பிடியில் ஒரு சின்ன காந்தம், அதற்கு எதிரே பிரேக்கின் உடம்பில் ஒரு சென்சார் ஒட்டினார். பிடியை இழுத்தால் காந்தம் விலகும், மோட்டார் அணையும். இரண்டு பக்கமும் சேர்த்து 1,100 ரூபாய். சென்சாரில் இரண்டு கம்பி உள்ளதும் உண்டு, மூன்று கம்பி உள்ளதும் உண்டு. மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்கு எது ஏற்கும் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம். மருமகன் முதலில் தப்பானதை வாங்கி வந்து, மறுபடி எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோடுக்கு ஓடினான். அந்தப் பெரிய கடைக்கு நான் திரும்பிப் போய்ச் சண்டை போட்டேன். "மோட்டார் வேலை நாங்க எடுக்கறதில்ல மேடம்" என்றார்கள். எடுக்காதவர்கள் ஒயரை மட்டும் எதற்கு வெட்டினார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஆக பிரேக்குக்கு மொத்தம் 6,900. இதைப்போல உருப்படியான செலவு இந்த வண்டியில் வேறு இல்லை. நீங்களும் மாற்றினால் கடையை விட்டு இறங்கும் முன் ஒன்று செய்யுங்கள்: பின்சக்கரத்தைத் தூக்கி, திராட்டிலை, அதாவது மிதிக்காமலே மோட்டாரை ஓட்டுகிற ஸ்கூட்டி மாதிரி முறுக்கை, திருப்பிப் பிடித்தபடி பிரேக் பிடியை லேசாக இழுங்கள். மோட்டார் சத்தம் அந்தக் கணமே நிற்க வேண்டும். இடது பிடியிலும் பாருங்கள், வலது பிடியிலும் பாருங்கள்.

அடுத்தது என் முட்டாள்தனம். பேட்டரி.

36ஐ 7.8ஆல் பெருக்கினால் 281 வாட் ஹவர், பேட்டரியில் அடங்குகிற மின்சாரம் அவ்வளவுதான். மோட்டாரின் உதவியை இரண்டாம் லெவலில் வைத்து நானும் கொஞ்சம் மிதித்தால் 30 கிலோமீட்டர் வந்தது. மிதிக்காமல் திராட்டிலில் மட்டும் போனால் இருபதைத் தொடவில்லை. போக வர 22 என்பதால் தினமும் வீடு திரும்பும்போது ஒற்றைக் கோடு மின்னிக்கொண்டிருக்கும். ஒருநாள் எதிர்காற்றில் மூன்றாம் லெவலில் வந்து, நூறடி ரோட்டிலேயே தீர்ந்துவிட்டது. மோட்டார் இல்லாமல் 24 கிலோவை மிதிப்பது ஆட்டுக்கல்லை உருட்டுவது மாதிரி.

ஆன்லைனில் ஒரு விற்பனையாளர் "அதே கூட்டுக்குள் பொருந்தும் 14 ஆம்பியர் ஹவர்" என்று 13,500க்குப் போட்டிருந்தார். வாங்கினேன். மாட்டினேன். 35 கிலோமீட்டரில் நின்றது. 14 என்றால் 504 வாட் ஹவர், ஐம்பது கிலோமீட்டரையாவது தாண்ட வேண்டாமா? கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான், இந்தக் கணக்கை விடுவேனா. 700 ரூபாய்க்குப் பிளக்கில் சொருகும் மீட்டர் ஒன்று வாங்கினேன். பழைய பேட்டரி முழுக்க வடிந்து முழுக்க ஏற 0.32 யூனிட் இழுத்தது. புதியது 0.38. சார்ஜரில் சூடாகப் போகிற நஷ்டத்தைக் கழித்தால் உள்ளே ஏறியது ஒன்பது ஆம்பியர் ஹவர் சொச்சம்.

பாயின் மருமகன் இன்னும் எளிதாக விளக்கினான். "அக்கா, உள்ள இருக்கிறது டார்ச் லைட் செல் மாதிரி, 18 மில்லிமீட்டர் அகலம், 65 நீளம். 36 வோல்ட்டுக்குப் பத்துப் பத்தா வரிசை. இந்தக் கூட்டுல மூணு வரிசைதான் அடங்கும், முப்பது செல். நல்ல செல்லே ஒண்ணு 3,500 மில்லி ஆம்பியர் ஹவர். மூணு சேர்த்தா பத்தரை. பதினாலு எங்கிருந்துக்கா வரும்?"

வாங்குவதற்கு முன் இவனிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டிருக்கலாம். மீட்டர் போட்டோக்களை அனுப்பி, மூன்று வாரம் மெயில் எழுதி, 11,000 திரும்ப வாங்கினேன். "பயன்படுத்திய பொருள்" என்று 2,500 பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் நான் செய்தது வெறும் 1,500 ரூபாய் வேலை. 42 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர் இன்னொன்றை வண்டிக் கம்பெனியிலேயே வாங்கி ஆபீஸ் மேசையடியில் வைத்துவிட்டேன். பேட்டரியைச் சாவி போட்டுக் கழற்றி மேலே எடுத்துப் போகிறேன், நாலு மணி நேரத்துக்குள் ஏறிவிடுகிறது. நான் இருக்கையில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போட வேண்டும் என்பது ஆபீஸ் நிர்வாகத்தின் நிபந்தனை, அது நியாயம்தான். வீட்டிலும் ராத்திரி சொருகிவிட்டுத் தூங்குவதில்லை. ஒரு முழு சார்ஜுக்கு இரண்டு ரூபாய் ஆகிறது. தள்ளுவண்டியில் அரை டீகூட வராது. பெரிய பேட்டரி என்ற ஆசை அன்றோடு போனது. போகிற இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டயர். காட்டு வழிக்கு வருகிற பொத்தான் பொத்தானாகப் பல் வைத்த 27.5 இன்ச் டயர்தான் வண்டியோடு வந்தது. தார் ரோட்டில் ஈக்கூட்டம் மாதிரி ரீங்காரம். அதை எடுத்துவிட்டு, பல் இல்லாத வழுவழு டயர் 1.75 அகலத்தில் போட்டேன், ஜோடி 2,400. வாங்கும்போது பக்கச் சுவரில் 584 என்ற எண் இருக்க வேண்டும். 559 என்றால் 26 இன்ச், 622 என்றால் 29 இன்ச் சக்கரத்துக்கு. இன்ச் கணக்கில் கடைக்காரர்களே குழம்புகிறார்கள், இந்த எண்ணில் குழப்பம் வராது. 50 பி.எஸ்.ஐ. காற்று வைக்கிறேன். சத்தம் போனது, அதே சார்ஜில் நாலைந்து கிலோமீட்டர் கூட வந்தது. 13,500 ரூபாய் பேட்டரி கொடுத்ததில் முக்கால்வாசி இது!

பஞ்சர் தனிக் கதை. எச்.ஏ.எல். அருகே பின்சக்கரத்தில் ஆணி. பஞ்சர் கடைச் சேட்டன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஷாக் அடிக்கும் என்று தொடவே மாட்டேன் என்றுவிட்டார். 36 வோல்ட்டுக்கு அவ்வளவு பயம் தேவையில்லை. ஆனால் சக்கரத்தைக் கழற்றத் தெரியாமல் கழற்றினால் ஆபத்துதான். மோட்டார் ஒயரின் இணைப்பைப் பிரிக்க வேண்டும், 18 நம்பர் ஸ்பேனர் வேண்டும், அச்சின் வாஷரில் இருக்கிற நாக்கு மறுபடி அதே பள்ளத்தில் உட்கார வேண்டும். அது உட்காராவிட்டால் மோட்டார் தள்ளும் வேகத்தில் அச்சே சுழன்று ஒயரை முறுக்கி அறுத்துவிடும். பாயிடம் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அச்சு சுழலாமல் பிடிக்கிற டார்க் ஆர்ம் என்ற இரும்புத் தகடு 280 ரூபாய், அதையும் போட்டுவிட்டார். டயருக்குள் ஆணி தடுக்கும் பட்டை இரண்டு சக்கரத்துக்கும் 500. அதற்குப் பிறகு 2,600 கிலோமீட்டரில் ஒரே பஞ்சர். ஸ்பேனர் எப்போதும் பையில் இருக்கிறது. பஞ்சர் கடையில் சக்கரத்தை நானே கழற்றிக் கையில் கொடுத்தால் யாரும் மறுப்பதில்லை.

முப்பது வருடம் கழித்துச் சைக்கிள் ஏறுகிறவர்களுக்கு இன்னொரு பொறி சீட். இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று நான் சீட்டைத் தாழ்த்தி வைத்திருந்தேன். எட்டாவது வயதில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு விழுந்த பயம் இன்னும் போகவில்லை. இரண்டு மாதத்தில் வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. மோட்டார்தான் தள்ளுகிறதே, முழங்கால் ஏன் வலிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காரச் சொன்னார், குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கச் சொன்னார். கால் அப்போது நேராக நீள வேண்டும். எனக்கு நன்றாக மடங்கியே இருந்தது. சீட்டை ஐந்து சென்டிமீட்டர் ஏற்றினார். இறங்கி நிற்கும்போது முன்பாதம் மட்டும் தொடும், பத்து நாளில் பழகிவிட்டது. கூடவே இன்னொன்றும் சொன்னார்: சிக்னலில் நிற்கும் முன்பே லேசான கியருக்கு வந்துவிட வேண்டும். மோட்டார் இருக்கிற தைரியத்தில் நான் எப்போதும் ஏழாவதிலேயே கிடந்தேன். அதனால் கிளம்புகிற ஒவ்வொரு முறையும் முழங்காலுக்கும் அடி, பேட்டரிக்கும் அடி. இந்த வைத்தியத்துக்கு அவர் காசு வாங்கவில்லை.

சீட்டையும் மாற்றினேன், அகலமானது, 1,650. மெத்தென்று ஜெல் உறை வாங்கிப் போடாதீர்கள், அரை மணி நேரத்தில் அது ஒதுங்கி எலும்புதான் மிஞ்சும். ஹேண்டில்பாரை உயர்த்தும் ஸ்டெம் 1,300. கழுத்து வலி நின்றது.

மட்கார்டு இல்லாமலே வண்டியை விற்கிறார்கள் என்பதை மே மாத மழையில்தான் கவனித்தேன். வெள்ளைச் சுடிதாரின் முதுகில் கீழிருந்து மேல்வரை ஒரு சேற்றுக் கோடு, அதோடு ஆபீஸ் லிஃப்ட்டில். முழு நீள மட்கார்டு 850. பின்னால் கேரியரும் பையும் 2,100. டிஸ்க் பிரேக்குக்கு இடம்விட்ட கேரியராகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி, விளக்கு எல்லாம் போட்டேன், சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 120 ரூபாய் பழைய இரும்பு மணியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். வண்டியோடு வந்த எலக்ட்ரிக் ஹாரனை யாரும் மதிப்பதில்லை. இந்த டிரிங் டிரிங்குக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வழிவிடுகிறார்கள்.

செய்யாதவையும் உண்டு. "ஸ்பீடு லாக் எடுத்துடலாமா, 35 போகும்" என்று மூன்று கடைகளில் கேட்டார்கள். 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற வரம்புக்குள் இருப்பதால்தான் நம்பர் பிளேட்டும் லைசென்சும் இல்லாமல் இது ஓடுகிறது. அதைத் தாண்டினால் சட்டப்படி இது மோட்டார் வாகனம். தவிர, என் சராசரி வேகம் 16. பழைய ஏர்போர்ட் ரோட்டில் 35ஐ வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

தம்பி வேறு ஒரு யோசனை சொன்னான். தர்மபுரி வீட்டில் சாய்த்து வைத்திருக்கும் எஸ்.எல்.ஆரில் ஒரு மோட்டார் கிட் போட்டுவிடலாமாம். கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதன் இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை பிரேக் மழையில் எப்படிப் பிடிக்கும், சீ, எப்படிப் பிடிக்காது என்பது எனக்கு 1994இலேயே தெரியும். பெடல் பக்கத்தில் பொருத்தும் மிட் டிரைவ் கிட்டையும் ஒருவர் பரிந்துரைத்தார். அதன் பலம் முழுக்க செயின் வழியாகத்தான் போகும், செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும். ஹப் மோட்டார் சக்கரத்தை நேராகச் சுற்றுவதால் என் செயினுக்கு என் கால் பலம் மட்டும்தான் பாரம். 3,000 கிலோமீட்டரில் ஒருமுறை மாற்றினேன்.

இப்போது பாக்கி இருக்கும் குறை ஒன்று: அடைமழையில் டிஸ்ப்ளே சில நேரம் இருண்டுவிடுகிறது. ஒயர் இணைப்பில் ஈரம் என்கிறான் மருமகன். மழைக்காலத்துக்கு முன் எல்லாவற்றையும் பிரித்து கிரீஸ் வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

போன மாதம் பெரியக்கா ஊரிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு 56, என்னைவிடக் குள்ளம். தானும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரே அடம். சீட்டை இறக்கினால் திரும்ப என் உயரம் கிடைக்காதே என்று யோசித்தேன். அவளே கைப்பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து சீட் குழாயில் ஒரு கோடு போட்டுவிட்டு, "இப்ப இறக்குடி" என்றாள்.